கால்நடை மருத்துவர் பதில்கள்: கடைத் தொட்டியில் வாடும் ஆமைகள்

ஊர்வனவற்றை விற்கும் கடைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் உள்ள வண்ண மீன் கடையில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள சிறிய ஆமைகளை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு வைத்திருக்கிறார்கள். முப்பதுக்கும் மேல் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தண்ணீர் பச்சை பிடித்து நாறுகிறது. ஆறு வயது மகன் ஆமை வேண்டும் என்று அழுகிறான். இரண்டையாவது வாங்கி வந்து காப்பாற்றலாமா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் இரக்கத்தை மதித்தே இதைச் சொல்கிறேன். நீங்கள் கொடுக்கும் பணத்தைக் கடைக்காரர் விற்பனைக் கணக்கில்தான் எழுதுவார். அந்தக் கணக்கைப் பார்த்து அடுத்த முறை இன்னும் அதிகமாக வரவழைப்பார்.

நீங்கள் பார்த்தவை, கடைகளில் ‘ஸ்லைடர்’ என்று சொல்லப்படும் சிவப்புக்காது ஆமைகள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை இவற்றின் தாயகம். பண்ணைகளில் பொரிக்கப்பட்ட குஞ்சுகள் வெளிநாடுகளிலிருந்து பயணிகளின் பெட்டிகளுக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படுவதும், சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் அவற்றை ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்வதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. பிடிபடாமல் வந்தவை எத்தனை நாள் பட்டினியோடு அந்தப் பேசினுக்கு வந்து சேர்ந்தனவோ என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.

அந்தப் பேசினில் இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். ஏறி உட்கார்ந்து உடம்பை உலர்த்திக்கொள்ள ஒரு கல் இல்லை, சூடு தரும் விளக்கு இல்லை, வெயில் இல்லை. ஆமையின் உடம்பு நம் உடம்பைப்போலத் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்து வெப்பம் கிடைத்தால்தான் தின்றது செரிக்கும், நோயை எதிர்க்கும் வலுவும் இருக்கும். ஸ்லைடர் ஆமை உட்காரும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்ந்த, அழுக்கான தண்ணீரிலேயே இரவும் பகலும் கிடக்கும் குஞ்சுக்கு நுரையீரலில் சளி கட்டும். பிறகு அது ஒருபக்கமாகச் சாய்ந்தபடி நீந்தத் தொடங்கும். ‘விளையாடுகிறது’ என்று அதைக் காட்டிச் சிரித்த ஒரு குடும்பத்தாரை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் அது இறந்தது.

நாய்க்குட்டி ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஊரைக் கூட்டிவிடும். ஆமை கத்தாது. பல நாள் தின்னாமலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் உடம்பு அவ்வளவு மெதுவாக இயங்குகிறது. கடையில் தொடங்கும் நோய் வாங்கியவர் வீட்டில்தான் முற்றுகிறது என்பதால், பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. ‘சரியாகத் தீனி போட்டிருக்க மாட்டீர்கள்’ என்று சொல்லிக் கடைக்காரர் இன்னொன்றை எடுத்து நீட்டுவார்.

மகன் ஆறு வயதுக் குழந்தை என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆமைகளின் குடலில், மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி நோய்க்குறி எதுவும் காட்டாமல் இருக்கக்கூடும். குழந்தைகள் ஆமையைத் தொட்ட கையை வாயில் வைத்து நோயுற்றதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதையே அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. நீங்கள் பார்த்த குஞ்சுகள் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியவையாக இருக்கும். அவை வளர்ந்தால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வரும், இருபது முப்பது ஆண்டுகள் வாழும் என்பதை எந்தக் கடையும் சொல்லி விற்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

காப்பாற்றவே நினைத்தால், பேசினைப் படம் எடுத்து, தேதியும் கடையின் முகவரியும் குறித்து, மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் மாநில விலங்கு நல வாரியத்துக்கும் எழுதுங்கள். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, கடை நடத்துபவர் மாநில வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமா?’ என்று கடையிலேயே கேட்டுப்பாருங்கள். பத்துப் பேர் கேட்டால் அந்தப் பேசினின் தண்ணீர் மாறும்.

கேள்வி: நான் சென்னையில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்கிறேன். எங்களிடம் இரண்டு பச்சை இகுவானாக்கள் (பெரிய பல்லி இனம்) உள்ளன. ஒன்றுக்கு விரல்கள் நடுங்குகின்றன. கீழ்த்தாடை வீங்கியதுபோல் இருக்கிறது. முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், சில நாள் அவித்த முட்டை கொடுக்கிறோம். கடை முழுவதும் ஏசி. ‘சென்னை வெயிலுக்கு விளக்கு எதற்கு?’ என்கிறார் முதலாளி. என்ன செய்வது, ஐயா?

பதில்: தம்பி, வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு என் நன்றி. நீங்கள் விவரிப்பது எலும்பு உருகும் நோயின் அடையாளம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ‘யுவிபி’ என்ற பகுதி தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பில் வைட்டமின் டி3 போதுமான அளவு உண்டாகும். அது இல்லையென்றால் தின்ற சுண்ணாம்புச்சத்து இரத்தத்தில் சேராது. இரத்தத்தில் குறைந்ததை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கிறது. அப்படிக் கொண்டுவரப்பட்ட ஓர் இகுவானாவின் தாடையை நான் விரலால் மெல்ல அழுத்தியபோது, அது நீரில் ஊறிய காகித அட்டைபோல் உள்ளே போயிற்று. அந்த விலங்கு சத்தமே போடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

சென்னை வெயில் உண்மைதான். ஆனால் அது கடைக்கு வெளியே இருக்கிறது. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சமும் சூடும் இருக்கும், யுவிபி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கப்பட்டுவிடும். அதற்காகக் கண்ணாடித் தொட்டியையே வெயிலில் வைத்துவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் உள்ளே இருப்பது வெந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்பு, பாதி நிழல் விழும்படி கம்பிவலைக் கூண்டில் வெளியே வைத்து, பக்கத்திலேயே இருங்கள். கடைக்குள் ஊர்வனவற்றுக்கென்று விற்கும் யுவிபி குழல் விளக்கு ஒன்றும், கிளையின் ஒரு முனையில் 35 டிகிரிக்குக் குறையாமல் சூடு தரும் விளக்கு ஒன்றும் வேண்டும். மறுமுனை குளிர்ச்சியாக இருக்கட்டும்; சூடு வேண்டுமா வேண்டாமா என்று இகுவானாவே நகர்ந்து முடிவு செய்துகொள்ளும். சூட்டு விளக்கைச் சுற்றி வலை கட்டுங்கள். ஏறித் தொட்டால் தோல் வெந்துவிடும். யுவிபி குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஓராண்டுக்குள் அதன் கதிர் குறைந்துவிடும் என்பதால், மாட்டிய தேதியைக் குழலின் மேலேயே எழுதிவையுங்கள்.

முட்டையை இன்றே நிறுத்துங்கள். இகுவானா இலை தின்னும் விலங்கு. மாமிசச் சத்து அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டைக்கோஸும் வெள்ளரியும் வயிற்றை நிரப்புமே தவிர எலும்புக்கு உதவாது. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ ஆகியவை சென்னையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். நடுங்கும் இகுவானாவுக்குத் தீனி மட்டும் போதாது. ஊசியாகவோ வாய்வழியாகவோ கால்சியம் தர வேண்டியிருக்கும். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

முதலாளியிடம் வாதாட வேண்டாம். கூண்டுக்குள் ஒரு டிஜிட்டல் வெப்பமானியை வைத்து, ஏசி ஓடும்போது அது காட்டும் எண்ணை அவரையே படிக்கச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: பச்சை இகுவானா, ‘பால் பைத்தான்’ எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு போன்றவை காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்ஸின் பட்டியலில் இருப்பதால், 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றை மத்திய அரசின் ‘பரிவேஷ் 2.0’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வீட்டில் நட்சத்திர ஆமை வைத்தால் செல்வம் சேரும் என்று சொல்லி, தெரிந்த கடைக்காரர் ஒன்றை மறைவாக வைத்திருப்பதாகக் கூறுகிறார். வாங்கலாமா? – ஒரு வாசகர், சேலம்.

பதில்: கூடாது. நட்சத்திர ஆமை நம் புதர்க்காடுகளின் உயிர். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. விற்பவருக்கும் வைத்திருப்பவருக்கும் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மறைவாக வைத்திருப்பது என்றால் இருட்டுப் பெட்டியில் வைத்திருப்பது என்று பொருள். மேய்ந்து வெயில் காய வேண்டிய பிராணிக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லை. மாவட்ட வன அலுவலருக்குத் தகவல் கொடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு வாங்கிய ஸ்லைடர் ஆமைக்கு இரண்டு கண்களும் வீங்கி மூடிவிட்டன. நான்கு நாளாகத் தின்னவில்லை. எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: குளத்தில் விடாதீர்கள். கண் தெரியாத ஆமை அங்கே பட்டினியால் சாகும். பிழைத்தால் கேடு பெரிது: உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இது இருக்கிறது, நம் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கடையில் டப்பாவில் தரும் காய்ந்த இறாலை மட்டும் மாதக்கணக்கில் தின்ற ஆமைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து இப்படிக் கண் வீங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். குணப்படுத்தக்கூடியதுதான். ஆனால் ஊசியின் அளவு கூடினால் தோல் உரியும். ஆகவே நீங்களாக மருந்து வாங்கிப் போடாதீர்கள், கண்ணில் எண்ணெயோ தேனோ விடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆமையைத் தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டாம். சோர்ந்த ஆமை தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும். காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். அது தின்றுவந்த தீனி டப்பாவையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.