சர்வர் பதில் வரும்வரை என்ன செய்வது? ஜாவாஸ்கிரிப்ட் கேள்வி பதில்

கேள்வி: சர்வரிடமிருந்து டேட்டா வாங்க ஃபெட்ச் எழுதி அடுத்த வரியிலேயே கன்சோலில் பார்க்கிறேன், ‘ப்ராமிஸ் பெண்டிங்’ என்றுதான் வருகிறது. டேட்டா எங்கே போகிறது?

பதில்: எங்கேயும் போகவில்லை, இன்னும் வரவில்லை. ப்ராமிஸ் என்பது பிறகு வரப்போகும் பதிலுக்கான டோக்கன் மாதிரி, பெண்டிங் என்றால் அந்தப் பதில் இன்னும் நிலுவையில். ஜாவாஸ்கிரிப்ட் சர்வருக்காக நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் வரும்வரை காத்திருக்க அவெயிட் போடுங்கள், அதுவும் இரண்டு இடத்தில்: ஃபெட்சுக்கு ஒன்று, பதிலில் வரும் ஜேசானை (டேட்டாவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டாக மாற்றும் இடத்தில் இன்னொன்று. முதலாவது முடியும்போது ஹெட்டர்கள் (பதிலின் முன்குறிப்புகள்) வந்துவிட்டன என்றுதான் அர்த்தம், உள்ளடக்கம் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி: சர்வர் 500 என்ற பிழை எண்ணை அனுப்பியும், பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குள் போகவே இல்லையே அண்ணா?

பதில்: போகாது. ஃபெட்சைப் பொறுத்தவரை 404, 500 எல்லாமே ஒழுங்காக வந்து சேர்ந்த பதில்தான். நெட் துண்டித்தாலோ சிஓஆர்எஸ் (வேறு தளத்துக்கான கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும் பிரவுசர் விதி) தடுத்தாலோ, இப்படிப் பதிலே கிடைக்காதபோதுதான் ஃபெட்ச் கேட்சுக்குப் போகும். ரெஸ்பான்சில் ‘ஓகே’ என்ற பண்பு இருக்கிறது, பதிலின் நிலை எண் 200 முதல் 299 வரை என்றால் மட்டும் அது ட்ரூ. அதைப் பார்த்து, இல்லையென்றால் நீங்களே எரர் த்ரோ செய்யுங்கள்.

கேள்வி: தேடல் பெட்டியில் ‘மதுரை’ என்று அடித்தால் சில சமயம் ‘மது’வுக்கான முடிவுகள் வந்து நிற்கின்றன. என் கம்ப்யூட்டரில் ஒருமுறைகூட வரவில்லை, வாடிக்கையாளரிடம் மட்டும் வருகிறது.

பதில்: இதே பிழையைத் தேடி நான் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். முதலில் கேட்டது முதலில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ‘மது’ என்ற குறுஞ்சொல்லுக்கு நிறைய முடிவுகள் இருப்பதால் அந்தப் பதில் தாமதமாக வந்து, ஏற்கெனவே காட்டிய ‘மதுரை’ முடிவுகளின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் (அடிப்பதை நிறுத்திய பிறகு அவ்வளவு நேரம் பொறுத்துத் தேடலை அனுப்புவது) வைத்தால் குறையும், ஒழியாது. ஒவ்வொரு புதுத் தேடலுக்கும் புது அபார்ட் கன்ட்ரோலர் (அனுப்பிய கோரிக்கையை ரத்து செய்யும் கருவி) உருவாக்கி, பழையதை அபார்ட் செய்துவிட்டு அடுத்ததை அனுப்புங்கள். அப்போது வரும் அபார்ட் எரரைக் கேட்சில் கண்டுகொள்ளாமல் விடுங்கள், அதைப் பயனருக்குப் பிழை என்று காட்டாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் பிழையைப் பார்க்க வேண்டுமா, சோதனை சர்வரில் மூன்று எழுத்துக்குக் குறைவான தேடலுக்கு மட்டும் வேண்டுமென்றே 2 விநாடி தாமதம் வையுங்கள், உடனே வரும்.

கேள்வி: பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் கோரிக்கை அனுப்ப ஃபார்ஈச் உள்ளே அவெயிட் போட்டேன், காத்திருக்கவில்லை.

பதில்: ஃபார்ஈச் ப்ராமிஸைத் திரும்பிப் பார்க்காது. வரிசையாக வேண்டுமென்றால் ஃபார்ஆஃப், ஒரே நேரத்தில் என்றால் மேப் போட்டு ப்ராமிஸ் ஆல். ஒன்று தோற்றாலும் மற்றவை வேண்டுமென்றால் ஆல்செட்டில்டு.

கேள்வி: பணம் கட்டும் கோரிக்கை டைம்அவுட் ஆனால் தானாக மறுபடி அனுப்பலாமா?

பதில்: அப்படியே அனுப்பாதீர்கள், தயவுசெய்து. டைம்அவுட் என்றால் பதில் வரவில்லை என்றுதான் பொருள், பணம் எடுக்கப்படவில்லை என்று பொருள் இல்லை. அபார்ட் செய்தாலும் சர்வர் தன் வேலையை முடித்திருக்கலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி அடையாள எண் உருவாக்கி, மறுமுறை அனுப்பும்போதும் அதே எண்ணை அனுப்புங்கள். சர்வர் அதைப் பதிந்து வைத்து, இரண்டாவது முறை வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். பட்டனை டிசேபிள் செய்துவிட்டேன், போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பக்கத்தை ரீலோட் செய்தால் அந்தப் பட்டன் மறுபடி உயிர்பெற்றுவிடும்.