பன்றிக் காவலுக்கு ஏழாயிரம் ரூபாய் டார்ச் தேவையா?

கேள்வி: பஞ்சாயத்து அனுமதியோடு காட்டுப்பன்றி சுடுவோர் பட்டியலில் சேர்ந்திருக்கிறேன். விலை உயர்ந்த டார்ச்சும் ஸ்கோப்பும் வாங்கலாமா?

தாங்களும் என்னைப் போல அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) துப்பாக்கியில் எல்.ஜி. என்னும் பெரிய ஈயக்குண்டுகள் அடைத்த தோட்டா போட்டால் முப்பது, நாற்பது மீட்டருக்கு அப்பால் குண்டுகள் சிதறிப் பன்றியைக் காயப்படுத்துமே தவிர வீழ்த்தாது. அந்தத் தூரத்துக்குக் குறிபார்க்கக் குழல் முனையிலுள்ள பித்தளைப் பொட்டே போதும்.

டார்ச் விஷயத்தில் நான் சூடுபட்டவன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் நிலக்கடலை. கோயம்புத்தூரில் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து, ஒரு கிலோமீட்டர் எட்டும் என்று கடைக்காரர் சொன்ன டார்ச்சை வாங்கிவந்து, மார்கழிப் பனியில் வரப்பில் உட்கார்ந்தேன். கடலைச்செடி சரசரத்தது. பொத்தானை அழுத்தியதும் கண்முன்னே வெள்ளைச் சுவர் எழும்பியதுபோல் பனிதான் ஒளிர்ந்தது. அதற்குப் பின்னால் நான்கைந்து பன்றிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தம் பழைய மூன்று கட்டை டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுத்தார். பன்றியின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகப் புலப்படாது. பிறகு மடியிலிருந்து ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலை எடுத்து உதறி, அது பறந்த திசையைப் பார்த்துவிட்டு, "தம்பி, பன்னி கண்ண நம்பி வர்றதில்ல, மூக்க நம்பி வருது" என்று சொல்லி என்னை எதிர்வரப்புக்கு மாற்றி உட்காரவைத்தார். அன்றிரவு இருபது அடி தூரத்தில் ஒன்று விழுந்தது.

ஆகவே பணத்தை நனையாத புதுத் தோட்டாவிலும், முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸிலும் போடுங்கள். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நம் வரப்பில்தான் இருக்கின்றன. தோட்டா ஈரம் கோத்தால் வெடிக்க வேண்டிய நேரத்தில் 'டிக்' என்று விசைச் சத்தம் மட்டும்தான் வரும்.

வேட்டைக்கு வழிகாட்டுகிறேன் என்று யாரும் பாய வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எனக்கும் தெரியும். 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த அதிகாரத்தின்படி, எழுத்து அனுமதி வாங்கித்தான் சுடுகிறேன். இறைச்சியைத் தொடாமல் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கிறோம். என் கடைசி வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. பன்றி அங்கே தாண்டிவிட்டால் குழலைத் தாழ்த்திவிடுவேன்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்கு ஏது நடத்தை விதி? கடந்த முறை திரும்பி வாங்கியபோது குழலுக்குள் துரு. எண்ணெய் தடவி மெழுகுத்துணியில் சுற்றிக் கொடுத்ததை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே சாய்த்து வைத்திருக்கிறார்கள். துரு எடுக்கும் கூலி மட்டும் நாலாயிரம் ரூபாய் ஆயிற்று. அந்த ஏழாயிரம் ரூபாய் டார்ச்சோ, இன்றைக்கு என் மனைவி ராத்திரியில் மோட்டார் போடப் போகும்போது கையில் இருக்கிறது.