எத்தனை பிழைத்தன?

அன்புள்ள ஐயா,

நான் எம்.எஸ்சி. கடல் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அலையாத்திக் காடுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி சார்பில் கழிமுகத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் சுரபுன்னைக் கன்றுகள் நட்டோம். அன்றுதான் இந்த ஆசை உறுதியானது. சுனாமியைத் தடுத்த காடு அல்லவா! ஆனால் இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காது என்கிறார் அப்பா. இதில் எதிர்காலம் உண்டா? வெளிநாடு போனால்தான் முடியுமா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு மாணவி, நாகப்பட்டினம் மாவட்டம்

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் இலங்கை ஆய்வு ஒன்றைத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். ருகுணு பல்கலைக்கழகத்தின் கொடிகாரவும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்டது. அலையாத்தி நட்ட 23 இடங்களுக்கு நேரில் போய், என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். நட்டதாகக் கணக்கில் இருப்பது 1,000 முதல் 1,200 ஹெக்டேர். தேறியது 200 சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தைப் பாருங்கள். பத்தாயிரம் நட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிழைத்தன? ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒருமுறையாவது போய்ப் பார்த்தீர்களா? ஆய்வாளராக வேண்டும் என்கிற பெண்ணுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை என்பது எனக்கு வருத்தம். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சுரபுன்னை? அந்த மண்ணுக்கு அதுதான் ஏற்றது என்று யாராவது பார்த்துச் சொன்னார்களா? இருக்காது. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் நிற்கும். நாற்றங்கால் வேண்டாம். வரிசையாக நிற்பது படத்தில் அழகாக இருக்கும். உலகம் முழுக்க அதை நட்டுக்கொண்டே இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகளாகப் பெரும் செலவில் நட்டார்கள். நீண்ட காலம் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான் என்று ஹுர்கென் பிரிமவேராவும் எஸ்தெபானும் 2008-ல் எழுதினார்கள். அலை நேராக அடிக்கும் மணற்கரையில் இயல்பாக முன்வரிசையில் வளர்வது வெண்கண்டல் போன்றவை. அங்கே கொண்டுபோய்ச் சுரபுன்னையைக் குத்தினால் என்ன ஆகும்? தண்டு முழுக்கக் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிர் அப்பிக்கொள்ளும். கன்று பாரம் தாங்காமல் சாயும்.

அலையாத்தி உப்புத் தண்ணீரில் வாழும் மரம் என்பதால் தண்ணீரில் எங்கே வைத்தாலும் வளரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது நனைந்து, இறங்கும்போது அதன் மூச்சுவேர் காற்றைப் பார்க்க வேண்டும். மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் அது மூழ்கியிருக்கலாம் என்று அமெரிக்கச் சூழலியலாளர் ராபின் லூயிஸ் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் தண்ணீர் வந்துபோகும் வழியைச் சரிசெய், விதை தானாக மிதந்து வரும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவதே கொஞ்சம்தான். ஒரு சாண் மேடு, ஒரு சாண் பள்ளம் அங்கே உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும்.

இதை நான் படித்துக் கற்கவில்லை. 1990-களில் இளம் ஆய்வாளனாகப் பிச்சாவரத்தில் சுற்றியபோது, காட்டுக்கு நடுவே மொட்டையாகக் கிடந்த ஒரு திட்டைப் பார்த்தேன். கோடைக்காலம். சேறு பாளம் பாளமாக வெடித்து, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விளிம்பில் குட்டையாக இரண்டு மூன்று வெண்கண்டல். இலையின் அடிப்புறத்தைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டியது. தேங்கிக்கிடந்த தண்ணீரில் ஒரு சொட்டைக் கருவியில் வைத்துப் பார்த்தோம். கடல் நீரைப் போல இரண்டு மடங்கு உப்பு. பக்கத்து ஓடையில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் பெண் ஒருவர் கரையேறினார். பல்லில் கவ்வியிருந்த பறியை எடுத்துவிட்டு, "அங்க தண்ணி வரும், போவாது" என்றார். நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியது மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

நடந்தது இதுதான். ஆங்கிலேயர் காலம் தொட்டு அந்தக் காட்டைச் சுழற்சி முறையில், பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் நேராக வெயில் பட்டு, சேறு காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ஆனால் பழி யார் மேல்? மாடு மேய்க்கிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள் மேல். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்துதான் இந்தக் காரணத்தைப் பிடித்தன. இயற்கை ஓடையோடு இணைத்துப் பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள் அமைப்பில் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. அப்புறம்தான் நட்டார்கள். முத்துப்பேட்டையிலும் இதே வழிதான்.

இன்னொன்றும் உண்டு. மரத்துக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும் நிலம் பெரும்பாலும் இறால் பண்ணையாக, உப்பளமாக, யாருடைய பட்டாவிலாவது இருக்கும். அதைக் கேட்டு வாங்க யாருக்கும் தைரியம் இல்லை. கேட்பாரற்றுக் கிடப்பது கடலோரச் சேற்றுவெளி. அங்கே போய் நடுகிறார்கள். அதுவும் வெற்றிடம் அல்ல. பறவைகளுக்கு இரை அங்கேதான், மட்டி பொறுக்குகிறவர்களுக்குப் பிழைப்பும் அங்கேதான்.

உங்கள் எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். ஆய்வுத் திட்டம் மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். காடு தேறியதா என்று தெரியப் பத்து வருஷமாவது வேண்டும். அதனால் முதல் வருஷக் கணக்கோடு அறிக்கை மூடப்படுகிறது, இறந்த கன்றுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள். இந்தத் துறையில் ஆளில்லாத இடம் அதுதான். உங்கள் கல்லூரி நட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். ஓதம் வற்றிய நேரத்தில் போங்கள். உயிரோடு இருப்பதை எண்ணுங்கள், தரைமட்டத்தை அளந்து குறியுங்கள், அங்கே வலை போடுகிறவர்களிடம் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். நெறியாளரைத் தேடும்போதும், தன் பழைய களத்துக்குத் திரும்பப் போகிறவரா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சுனாமி பற்றிச் சுருக்கமாக: பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 குடியிருப்புகளை வைத்து, அலையாத்தி இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-ல் எழுதியதைப் படியுங்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே அந்த வேறுபாட்டை விளக்கிவிடும் என்று 2006-ல் வந்த மறுப்பையும் படியுங்கள். இரண்டையும் படிக்காமல் ஆச்சரியக்குறி போடாதீர்கள். வெளிநாடு உங்கள் வசதி, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள், அம்மா. நிரந்தர வேலைக்கு நாளாகும். அதுவரை திட்டத்துக்குத் திட்டம் தாவ வேண்டியிருக்கும், சில மாதம் உதவித்தொகை தாமதமாகும். செயற்கைக்கோள் படம் படிக்கவும் நிலமட்டம் அளக்கவும் கற்றுக்கொண்டால் கல்லூரிக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. அவர் பயப்படுவதில் தப்பில்லை. எத்தனை வருஷம் தாங்க முடியும் என்று அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவரை எதிர்த்துக்கொண்டு இதற்குள் வராதீர்கள்.