கைரேகை திரும்பி வந்தால்

கனடா பிஆருக்கு, அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, அமெரிக்காவின் எஃப்பிஐ தரும் குற்றப் பின்னணிச் சான்றிதழ் கேட்டு பெங்களூரிலிருந்து அனுப்பிய கைரேகை ‘தரம் போதாது’ என்று திரும்பி வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள், ரேகை சரியாக விழவில்லை, அவ்வளவுதான். பத்திரத்தில் கட்டைவிரல் ஒற்றுகிற மாதிரி ஒற்றினால் வேலைக்கு ஆகாது. நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே உருட்டாக உருட்ட வேண்டும், மையும் மெலிதாகத்தான் தடவ வேண்டும், கூடினால் கோடுகளுக்கு நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளி அடைந்துபோய் வெறும் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். எடுப்பவரே உங்கள் விரலைப் பிடித்து உருட்டட்டும். நீங்கள் உதவுகிறேன் என்று அழுத்தினால் கோடு இழுபடும், கையைத் தளர்த்தி விடுங்கள். போலீஸ் ஸ்டேஷனில்தான் எடுக்க வேண்டும் என்று எஃப்பிஐ கேட்பதில்லை, சிவாஜிநகரோ ஒயிட்ஃபீல்டோ, பழகிய கை எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல் என்றால் சில நாள் முன்பிருந்தே ராத்திரி எண்ணெய் தடவி வாருங்கள், ஆனால் எடுக்கும்போது கழுவித் துடைத்து உலர்ந்திருக்கட்டும். கைரேகை பதிக்கிற எஃப்டி-258 படிவத்தைச் சாதாரண வெள்ளைத் தாளிலேயே அச்சடிக்கலாம். இரண்டு மூன்று படிவங்களில் எடுத்து எல்லாவற்றையும் ஒரே உறையில் அனுப்புங்கள், ஒன்றில் மங்கிய விரல் இன்னொன்றில் தெளிவாக இருக்கலாம். அப்புறம், கெடு நெருங்கினால் விண்ணப்பித்த ரசீதையும் திரும்பி வந்த கடிதத்தையும் ஒரு விளக்கக் கடிதத்தோடு கனடா பிஆருக்கு விண்ணப்பித்த உங்கள் இணையக் கணக்கில் ஏற்றிவிடுங்கள்.