வாசகர் கேள்வி: நகத்தளவு கண்ணாடியில் ஒரு முகம்

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கும் மகன் ஒரு மியூசியத்தில் எடுத்த படம் அனுப்பியிருந்தான். 'கொப்டிக் மொசைக் கண்ணாடி, எகிப்து' என்று போட்டிருக்கிறது. நகத்தளவு துண்டில் சுருட்டை முடியோடு ஒரு முகம்! இதை எந்தத் தூரிகையால் வரைந்தார்கள்?
(வாசகி, உவர்மலை, திருகோணமலை)

பதில்: தூரிகையே கிடையாது. பல நிறக் கண்ணாடிக் குச்சிகளை முகம் தெரியும்படி கட்டாக அடுக்கி, சூட்டில் ஒட்டவைத்து, இளகியிருக்கும்போதே பிடித்து இழுப்பார்கள். கட்டு மெலிந்து நீளும், உள்ளே இருக்கிற படமும் குலையாமல் கூடவே சிறுக்கும். ஆறினதும் குறுக்கே சீவினால் சரி. வெண்டிக்காயை எங்கே வெட்டினாலும் அதே ஐந்து மூலை தெரிகிற மாதிரி, ஒவ்வொரு சீவலிலும் அதே முகம்.

படத்தைப் பெரிதாக்கி மூக்கைப் பாருங்கள். நெற்றியிலிருந்து நாடி வரை மெல்லிய கோடு ஓடினால் அது இரண்டு துண்டு. பாதி முகத்துக்குத்தான் குச்சி செய்வார்கள், இரண்டு சீவல் எடுத்து ஒன்றைப் புரட்டிப் பக்கத்தில் வைத்தால் முழு முகம் வந்துவிடும். இடது புருவத்தில் ஒரு கோணல் இருந்தால் வலதிலும் அச்சொட்டாக அதே கோணல் இருக்கும். பாதி வேலை, முழுக் காசு!

அந்த லேபலைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொப்டிக் என்றால் எகிப்தியக் கிறிஸ்தவர்களுடையது என்று அர்த்தம். இப்படியான முகச் சீவல்கள் பெரும்பாலும் கி.மு. 1ஆம், கி.பி. 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த நாடக முகமூடிகள், எகிப்தில் கிறிஸ்தவம் வேரூன்ற முந்தியவை. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் கண்ணாடியை வெட்டிப் பொருத்திச் சுவருக்குப் பெரிய பெரிய பலகைகளே செய்தார்கள். கிரேக்கத்தின் கெங்கிரேயா துறைமுகத்தில் 1960களில் அகழ்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள், பெட்டியில் அடுக்கினது அடுக்கினபடி, தண்ணீருக்கடியில் கிடந்தன. நைல் நதிச் செடிகள், பறவைகள், துறைமுகக் கட்டடங்கள் எல்லாம் அதில் உண்டு. எகிப்தில் செய்து கப்பலேற்றியவை என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பாவம், சுவரில் ஏறவேயில்லை.

கேள்வி: நம்முடைய புல்மோட்டை மணலில் இப்படிக் கண்ணாடி செய்ய ஏலாதா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: ஆசை நல்லதுதான், மணல்தான் சரியில்லை. அங்கே கறுப்பாக மினுங்குவது இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தது. கண்ணாடிக்கு வேண்டியது வெள்ளைச் சிலிக்கா மணல், அதில் இரும்பு துளி கலந்தாலே பச்சை அடிக்கும். அப்புறம் சிலிக்கா தனியாக உருக 1700 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அதைக் குறைக்கத்தான் எகிப்தியர் வாடி நட்ரூன் பள்ளத்தாக்கு ஏரிகளிலிருந்து நேட்ரான் உப்பை எடுத்துக் கலந்தார்கள். கொப்டிக் மடங்கள் இன்றும் இருப்பது அதே பள்ளத்தாக்கில்தான். உங்களுக்குச் சிலிக்கா மணல்தான் வேண்டுமென்றால் மேற்குக் கரைப் பக்கம், நாத்தாண்டியாவுக்குப் பஸ் ஏறுங்கள்.