31 வாரத்திலேயே பிறந்த குழந்தையைத் தொடலாமா?

1.4 கிலோ பிள்ளையைத் தொட்டால் கிருமி வரும் என்று என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) எட்டியே நிற்கவைக்கிறார்கள் என்கிறீர்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டு அம்மா தொடலாம், தொடவும் வேண்டும். வென்டிலேட்டரிலோ ஷாக்கிலோ (ரத்த ஓட்டம் ஆபத்தான அளவு குறைந்த நிலை) இல்லாத குறைப்பிரசவக் குழந்தைக்குப் பிறந்ததுமே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கங்காரு பராமரிப்பு (குழந்தையை வெறும் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்ட அணைத்துக்கொள்வது) கொடுக்கச் சொல்லி 2022-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது, அதனால் ரவுண்ட்ஸில் டாக்டரிடமே "எப்போது ஆரம்பிக்கலாம்" என்று கேளுங்கள். உங்கள் கணவரும் நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம் (பெரியவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்).

அப்புறம், உட்காருவது, தவழ்வது எல்லாம் தாமதமாகுமோ என்று இப்போதே கவலை வேண்டாம். 2 வயது வரை அந்தக் கணக்கு டியூ தேதியிலிருந்துதான், அதாவது பிள்ளையின் வயதிலிருந்து (40-க்கு 31 போக) 9 வாரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஆர்ஓபி (குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) கண் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பிறந்த 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும்.