அப்சிந்தில் இருப்பது எட்டியா?

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி இந்த முறை விடுப்பில் வந்தபோது, அப்சிந்த் என்ற பச்சை நிற மதுப்புட்டி ஒன்றைக் கொண்டு வந்தான். புட்டியின் மேல் ஒரு செடியின் படம் இருக்கிறது. அந்தச் செடியின் பெயரை அகராதியில் பார்த்த என் மகள் ‘எட்டி’ என்று வாசித்ததும், வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வானத்திலிருந்து விழுந்து தண்ணீரைக் கசப்பாக்கும் நட்சத்திரத்தின் பெயரும் அதுதான் என்று சொல்லி, புட்டியை வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார் அம்மா. எட்டிக்கொட்டை நாய்களைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதில் மது காய்ச்சுவார்களா? அதைக் குடித்தால் புத்தி பேதலிக்கும் என்பது உண்மையா?
(வாசகி, ராயபுரம்)

பதில்: உங்கள் அம்மாவின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அந்தக் காரணம் புட்டிக்குள் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெளிப்படுத்தல் 8ஆம் அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில் அந்த நட்சத்திரத்தின் பெயர் ‘அப்சிந்தோஸ்’. அது ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இடுப்பளவு உயரத்துக்கு வளர்கிற, வெள்ளி பூத்தாற்போன்ற சாம்பல் நிற இலைகளையுடைய ஒரு செடி. தமிழ்நாட்டுச் சமவெளியில் அதைக் கண்டவர்கள் இல்லை. கசப்பு என்றதும் தமிழர் நாவில் முதலில் வருவது எட்டி. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்பது நம் பழமொழி. ஆகவே தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகளிலும் வெளிப்படுத்தலிலும் அந்தச் செடியின் இடத்தில் எட்டி வந்து அமர்ந்துகொண்டது. கசப்பை உணர்த்துவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் தாவரம் என்று பார்த்தால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. எட்டி ஒரு மரம். அதன் விதையில் உள்ள ஸ்ட்ரிக்னின் உடம்பின் தசைகளையெல்லாம் இழுத்துப் பிடித்து, மூச்சை நிறுத்திவிடும். அப்சிந்தில் எட்டி கிடையாது.

அப்சிந்தோஸின் உண்மையான உறவினர் உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிறவர்தான். கதம்பத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்து அதே ஆர்ட்டிமீசியா பேரினத்தைச் சேர்ந்தது. அடுத்த முறை பூக்காரம்மாவிடம் ஒரு கொத்து வாங்கி, ஓர் இலையை விரலிடுக்கில் கசக்கி முகர்ந்து பாருங்கள். இனிப்பான மணத்துக்கு அடியில் மருந்து நெடி ஒன்று மெல்ல எழும்.

அந்தப் பேரினத்தின் பெயர் கிரேக்கத் தெய்வமான ஆர்ட்டெமிஸை நினைவூட்டுவது. இந்தச் செடிகளின் குணத்தைக் கண்டறிந்து, பாதி மனிதனும் பாதி குதிரையுமான கைரோன் என்ற வைத்தியனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவளே என்பது பழைய மூலிகை நூல் ஒன்று சொல்லும் கதை. ஐரோப்பிய நாட்டார் வழக்கில் இன்னொரு கதை உண்டு. ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட பாம்பு ஊர்ந்து சென்ற தடத்தில் முளைத்த செடிதான் அப்சிந்தோஸ் என்பார்கள். உரோமில் தேர்ப் பந்தயத்தில் வென்றவருக்கு இந்தக் கசப்புச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தார்கள் என்று பழைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஆரோக்கியமே சிறந்த பரிசு என்று முன்னோர் கருதியதால் இருக்கலாம் என்பது அவருடைய விளக்கம். குடற்புழுவுக்கு மருந்தாகவும் இது நெடுங்காலம் பயன்பட்டது. நம் பாட்டிமார் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்ததைப் போலத்தான் அங்கேயும் நடந்திருக்கிறது.

மதுவின் கதை சுவிட்சர்லாந்தின் குவே என்ற சிற்றூரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. இந்தச் செடியோடு சோம்பு வகைகளையும் சாராயத்தில் ஊறவைத்து வடித்தார்கள். வடிக்கும்போது மணம் மேலேறிவிடும். கொடுங்கசப்பின் பெரும்பகுதி அடியிலேயே தங்கிவிடும். 1805இல் பெர்னோ என்பவர் பிரான்சின் பொந்தார்லியே நகரில் ஆலை தொடங்கினார். 1840களில் அல்ஜீரியாவில் போரிட்ட பிரெஞ்சுப் படையினருக்குக் காய்ச்சல் தடுப்பாக இதைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களோடு பழக்கமும் ஊருக்குள் வந்தது. இந்த மது மலேரியாவைத் தடுத்திருக்காது. ஆனால் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு சீனச் செடியிலிருந்து 1970களில் பிரித்தெடுக்கப்பட்ட ஆர்ட்டிமிசினின்தான் இன்று மலேரியாவுக்கு முதன்மையான மருந்து. அதற்காகச் சீன விஞ்ஞானி டூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

புத்தி பேதலிக்கும் என்ற பேச்சு 1905இல் வலுத்தது. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் லான்ஃப்ரே என்ற தொழிலாளி தன் மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார். அன்று அவர் லிட்டர் கணக்கில் ஒயின் குடித்திருந்தும், குடித்த சிறிதளவு அப்சிந்தின் மேலேயே பழி விழுந்தது. சுவிட்சர்லாந்து 1910இலும் பிரான்ஸ் 1915இலும் தடை விதித்தன. பிறந்த மண்ணில் அது மீண்டும் சட்டப்படி விற்பனைக்கு வர 2005 ஆயிற்று. செடியில் உள்ள துஜோன் என்ற பொருள் மிகுந்த அளவில் உடலுக்குள் சென்றால் வலிப்பு வரும் என்பது உண்மை. ஆனால் தடைக்கு முன் அடைக்கப்பட்ட பழைய புட்டிகளைத் திறந்து ஆராய்ந்தபோது, கதைகளில் சொன்ன அளவுக்கு அதில் துஜோன் இல்லை. இன்று ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. மனிதரைக் கெடுத்தது அதிலிருந்த சாராயம்தான் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். நம் ஊர் பிராந்தி 42.8 சதவீதம் என்றால், அப்சிந்த் 70 சதவீதத்தையும் தாண்டக்கூடும். தண்ணீர் விடாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. கருவுற்ற பெண்களும் வலிப்பு நோயாளிகளும் எப்படியும் தொடக்கூடாது. துளைக்கரண்டியில் வைத்த சர்க்கரைக் கட்டியின் மேல் குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, பச்சை மது அரிசி கழுவிய நீரைப்போல வெளுத்துக் கலங்கும். மாயம் ஒன்றும் இல்லை. சாராயத்தில் கரைந்திருந்த சோம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாமல் பிரிந்து நிற்கிறது.

கேள்வி: அப்சிந்தை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? மூலிகைகளெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கின்றனவே?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: செய்யாதீர்கள். சாராயம் காய்ச்சுவது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, வெறுமனே ஊறவைப்பதிலும் ஆபத்து உண்டு. வடிக்காமல் ஊறவைத்தால் செடியின் கசப்பு முழுவதும் மதுவிலேயே இறங்கிவிடும், துஜோன் எவ்வளவு இறங்கியது என்பதை வீட்டில் அளக்கவும் முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து பெயரில் இருக்கிறது. யூனானி மருத்துவர்கள் இந்தச் செடியை ‘அஃப்சந்தீன்’ என்பார்கள். அந்தப் பெயர் தெரியாமல், அகராதியையோ வேதாகமத்தையோ பார்த்துவிட்டு, நாட்டு மருந்துக் கடைகள் உள்ள ராசப்ப செட்டித் தெருவில் போய் எட்டி வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் கேட்ட பொருளைத்தான் எடுத்து வைப்பார்: சாம்பல் நிறத்தில், பட்டுப்போல் மினுங்கும், பொத்தானைப் போன்ற தட்டையான எட்டிக்கொட்டையை.